மீன்பெட்டியில் வெட்டிய எல்லைக்கல்

ஒரு பெண்ணின் காணியை அரசாங்கத்துக்குப் பிடித்துக் கொடுத்தவள் நான். இலஞ்சம் வாங்கவில்லை, கள்ள உறுதிப் பத்திரம் முடிக்கவில்லை. நாடகம் போட்டேன். அதுவும் அரசாங்கம் காணி பிடிப்பதற்கு எதிரான நாடகம்.

எங்கள் கலைக்குழு என்பது மூன்று பேர். நான் எழுதுவேன், மற்ற இருவரையும் அதட்டுவேன். பகலில் மன்னார் பட்டினத்தில் ஒரு மீன்பிடிச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். இரண்டாமவர் ஐஸ் பக்டரியில் வேலை செய்பவர். எங்கள் கரையோர ஊரில் பெரிய வெள்ளிக்குக் கோயில் வளவில் போடும் பாடுகளின் நாடகத்தில், கை கழுவிவிட்டு இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்புச் சொல்லும் தேசாதிபதியாகப் பதினொரு வருடம் நடித்தவர். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தேசாதிபதியாக நடிப்பவரோடு பெரிய வெள்ளியிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு மணி அடிக்கும்வரை ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கடையில் பாண் கேட்டால் பாணை மேசையில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் பார்ப்பார்கள். மிச்ச நாட்களில் பேச்சுக்குக் குறைவில்லை, ஆனால் அவருக்கு வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. அவருடைய மனைவியே அவரைத் தேசாதிபதி என்றுதான் கூப்பிடுகிறார்.

மூன்றாமவர் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுபவர். இந்தப் பக்கத்துக் கோயில்களில் எந்தப் புனிதரின் கன்னமாவது தேவைக்கு மேல் சிவந்திருந்தால் அது இவருடைய கைவேலை.

தீவுக்கு அப்பால் பெருநிலப் பக்கம், அடம்பனைத் தாண்டி உள்ளே போகும் ஊர்களில், ஒரு திணைக்களம் மஞ்சள் தலை வைத்த கொங்கிறீட் எல்லைக்கல்லுகளை நட்டுக்கொண்டு வந்தது. எந்தத் திணைக்களம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் வீட்டு முற்றத்திலும் ஒன்றை நடுவார்கள். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடிப்போய், முகாம்களில் இருபது இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த சனம், தங்கள் வயலில் பற்றை வளர்ந்து நிற்பதைக் கண்டது. பற்றை வளர்ந்தால் அது காடு, காடென்றால் அது எங்களுடையது என்பது திணைக்களத்தின் நியாயம். சனம் மனு எழுதியது, ஊர்வலம் போனது, மறுபடியும் மனு எழுதியது. அப்போதுதான் எங்களுக்குக் கலை செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்தது.

கொழும்பில் ஒரு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி தந்தது. அங்கே ஒரு விடயம் படித்தோம். நாடகம் முடியும் இடத்தில் பார்வையாளர்கள் தாங்களே எழுந்து வந்து கதையை மாற்றவேண்டும். "பார்வையாளர் செயற்பாட்டாளராக மாறும் கணம்" என்று பெரிய கடதாசியில் எழுதி ஒட்டினார்கள். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் நாடகத்தின் முடிவில் சனம் எழுந்து வந்து எல்லைக்கல்லுகளைப் பிடுங்கி எறியும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிடுங்குவதற்குக் கல் வேண்டும். சுரூபக்காரர் முதலில் அட்டையில் ஒன்று செய்து காட்டினார். மஞ்சள் ஐசிங் பூசிய பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. உண்மையான கல் மாதிரி இருக்கவேண்டும், பார்த்தவுடன் சனத்துக்கு வயிறு பற்றி எரியவேண்டும் என்று நான் சத்தம் போட்டேன். இதைச் சொன்னது நான்தான் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எங்கள் கந்தோரின் பின்பக்கத்தில் உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டிகள் குவிந்து கிடந்தன. ஐஸ் போட்டு மீன் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பும், பாரமே இல்லாத வெள்ளைப் பெட்டிகள். இந்தக் கரையில் எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதில் தண்ணீர் குளிரவைப்பார்கள், கோழியை அடைக்கு வைப்பார்கள். சுரூபக்காரர் அவற்றை அரிந்து, ஒட்டி, செதுக்கி, மேலே பசை தடவி மண் தூவி, சீமெந்துத் தண்ணீர் பூசி ஆறு கல்லுகள் செய்தார். தலைக்கு மஞ்சள் அடித்தார். கம்பி துருப்பிடித்து வடிந்த கறை வைத்தார். காக்கை எச்சம்கூட வைத்தார். திணைக்களத்தின் எழுத்துகளை உள்ளபடி வெட்டினார். பிறகு, நாங்கள் நாடகம் போடவிருந்த ஊருக்குச் சைக்கிளில் போய், திணைக்களம் கடைசியாக நட்ட கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் இலக்கம் நூற்றுப் பதினாறு. எங்கள் கல்லுகளுக்கு நூற்றுப் பதினேழு முதல் நூற்றிருபத்திரண்டு வரை இலக்கம் போட்டார்.

"நம்பர் இல்லாத கல்லை ஆர் நம்புவினம்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவரைப் பாராட்டினேன். இதுதான் கலை என்றுகூடச் சொன்னேன். ஒரே ஒரு குறை, மீன் மணம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் வெட்டினார், அப்படியும் சூரை மீன் மணம் போகவில்லை. ஒத்திகை நடந்த இடமெல்லாம் பூனைகள் வந்து கல்லுகளைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

நாடகம் போட இடம் தந்தவர் அந்த ஊரில் ஓர் அக்கா. ஐம்பது வயது தாண்டியவர், ஒல்லியானவர், அதிகம் கதைக்கமாட்டார். இந்தியாவிலிருந்து திரும்பி வந்து ஆறு வருடம். கணவர் முகாமிலேயே காலமாகிவிட்டார், மகள் அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாள். இங்கே தகப்பன் விட்டுப்போன ஒரு வளவும் அதில் ஒரு தகரக் கொட்டிலும்தான் அவருக்கு இருந்தன. வளவைத் துப்புரவாக வைத்திருந்தார், ஒரு பற்றை கிடையாது. அதனால்தான் அங்கே நாடகம் போடக் கேட்டோம். திணைக்களத்தின் கடைசிக் கல் அவருடைய வேலிக்கு முப்பது அடி தள்ளி நின்றது. அவருடைய காணி எல்லைக்கு வெளியே என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதைச் சொல்லும் ஒரு துண்டுக் கடதாசி உலகத்தில் இல்லை. உறுதி, வீடு எரிந்தபோது எரிந்துவிட்டது.

அக்காவுக்கு வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்திருந்தது. கல்வீடு. ஆனால் காணி திணைக்களத்தின் எல்லைக்குள் இல்லை என்று திணைக்களமே கடிதம் தரவேண்டும். அந்த மாத முடிவுக்குள் கடிதம் வராவிட்டால் பெயரை வெட்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கிராம அலுவலரான விதானையார் சொல்லியிருந்தார். அக்கா எட்டு மாதமாகக் கந்தோருக்கு நடந்தார். அங்கே இருந்த அதிகாரி ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"எங்கட கல்லு நிக்கிற காணிக்குத்தான் நாங்கள் கடிதம் குடுக்கலாம். உங்கட காணியில கல்லே இல்லை. இல்லாத கல்லைப் பற்றி நான் என்னத்தையம்மா எழுதிறது?"

அக்கா இதை எனக்குச் சொன்னபோது நான் அப்படியே எழுதி நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன். என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கத் தேவை இருக்கவில்லை.

சோளகக் காற்று வீசும் காலம். மாலை நான்கு மணிக்கு ஆறு கல்லையும் அக்காவின் வளவைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குப் புதைத்தோம். அப்படியும் காற்று வந்தபோதெல்லாம் அவை ஒரே பக்கமாகச் சரிந்து, பிறகு நிமிர்ந்தன. ஊர்ச் சனம் முழுவதும் வந்து நிலத்தில் உட்கார்ந்தது. அதிகாரி வேடத்தில் தேசாதிபதி வந்தார், கறுப்புக் கண்ணாடி, கக்கத்தில் பைல். ஒவ்வொரு ஏழையின் மனுவையும் தட்டிக் கழித்தார், தட்டிக் கழித்த ஒவ்வொரு தரமும் ஒரு சட்டியில் கை கழுவினார். இது நான் எழுதியதில் இல்லை. பதினொரு வருடப் பழக்கம், கை கழுவாமல் அவருக்குத் தீர்ப்பு வாயில் வராது. அந்தச் சைவ ஊர்ச் சனத்துக்கு அது எங்கிருந்து வந்த கை கழுவல் என்று தெரியாது. "மனிசன் நல்ல துப்புரவு" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது.

முடிவு வந்தது. நான் நடுவில் போய் நின்று கையை விரித்தேன். "வாங்கோ, எல்லாரும் எழும்பி வாங்கோ. இந்தக் கல்லுகளைப் பிடுங்குவம்."

ஒருவரும் அசையவில்லை.

"பிடுங்கினால் கேஸ் போடுவினமே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இது நாடகக் கல்லு, அண்ணை."

"நம்பர் கிடக்குது."

நான் கெஞ்சினேன். அதட்டியும் பார்த்தேன். கடைசியில் ஒரு கமக்காரர் எழுந்தார். என் நெஞ்சு நிறைந்தது. அவர் கல்லைத் தாண்டி நேரே தேசாதிபதியிடம் போய், சேர்ட் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "ஐயா, என்ர வயல் விசயமா ஒரு சின்ன மனு. நீங்கள் பாத்துச் செய்யவேணும்." தேசாதிபதி திகைத்துப்போய் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அன்று எங்கள் கல்லைத் தொட்ட ஒரே உயிர் ஒரு சாம்பல் நிறப் பூனை. அது நூற்றுப் பத்தொன்பதின் அடியைக் கொஞ்சம் தின்றது.

அடுத்த நாளும் அதே இடத்தில், பக்கத்து ஊருக்காக நாடகம் போடுவதாக இருந்தது. ஆனால் வங்காலையில் தேசாதிபதியின் சித்தப்பா ஒருவர் காலமாகிவிட்டார். ஒரு கிழமை தள்ளி வைத்தோம். கல்லுகளைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்குச் சோம்பலாக இருந்தது.

"நிக்கட்டும் தங்கச்சி, ஆர் கொண்டுபோகப் போகினம்?" என்றார் அக்கா.

ஐந்தாம் நாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய குரல் எப்போதும்போல அமைதியாகவே இருந்தது.

"தங்கச்சி, உங்கட கல்லைக் கவுண்மேந்து எடுத்திட்டுது."

"களவெடுத்திட்டாங்களோ?"

"இல்லை. கல்லு நிக்குது. அதுக்கு உள்ள இருக்கிற என்னைத்தான் எழும்பச் சொல்லுது."

நடந்தது இதுதான். திணைக்களத்தின் ஜீப் கல்லுகளை எண்ணிக்கொண்டு அந்த வழியாக வந்திருக்கிறது. காற்றும் புழுதியும் என்று உள்ளே இருந்தவர்கள் இறங்கவில்லை, கண்ணாடிக்குள்ளால் இலக்கங்களை வாசித்திருக்கிறார்கள். புத்தகத்தில் நூற்றுப் பதினாறு கல், நிலத்தில் நூற்றிருபத்திரண்டு. நிலத்தைத் திருத்துவதைவிடப் புத்தகத்தைத் திருத்துவது சுலபம். திருத்தினார்கள். அடுத்த நாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, திணைக்களத்தின் எல்லைக்குள் அத்துமீறிக் குடியிருப்பதாகவும் பதினான்கு நாளுக்குள் எழும்பவேண்டும் என்றும் ஒரு அறிவித்தலைக் கொட்டில் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாக அந்த ஊருக்குச் செய்த அநியாயத்தில், அக்காவின் வளவு மட்டும் தப்பியிருந்தது. அதை நாங்கள் ரெஜிபோமால் முடித்துக் கொடுத்துவிட்டோம்.

மூவரும் திணைக்களக் கந்தோருக்குப் போனோம். அதிகாரி கெட்ட மனிதரல்ல. கதிரை காட்டி இருக்கச் சொன்னார்.

"ஐயா, அந்த ஆறு கல்லும் கல்லில்லை. ரெஜிபோம்" என்றேன்.

பதிவேட்டைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். "இஞ்ச கொங்கிறீட் எண்டுதான் கிடக்கு."

"நாங்கள் நாடகத்துக்குச் செய்தது, ஐயா."

"திணைக்களக் கல்லை வெளியாக்கள் செய்யிறது குற்றம். நீங்கள் செய்தனீங்கள் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறீங்களோ?"

நான் சுரூபக்காரரைப் பார்த்தேன். பாராட்டு எங்கே கிடைத்தாலும் போய் வாங்கிக்கொள்ளும் சுரூபக்காரர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தான் சுரூபம் மட்டும்தான் செய்வதாகச் சொன்னார்.

அதிகாரி தேசாதிபதியைப் பார்த்தார். "இவர் ஆர்?"

"நான் உங்களை நடிக்கிறனான், ஐயா" என்றார் தேசாதிபதி.

அதிகாரி பேனையை மூடி வைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "எங்க, ஒருக்கால் நடிச்சுக் காட்டும் பாப்பம்."

தேசாதிபதி நடித்தார். கந்தோரிலேயே, அந்த மேசைக்கு முன்னாலேயே, தண்ணீர் இல்லாமல் கை கழுவிக் காட்டினார். அதிகாரி கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் சில திருத்தங்கள் சொன்னார். தான் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை, பைலைக் கக்கத்தில் வைப்பதில்லை, நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிப்பது என்றார். "மற்றது, என்னத்துக்கு இந்தக் கை கழுவுறது? நான் அப்பிடிக் கழுவுறதில்லையே."

"பழக்கதோசம், ஐயா."

"அதை எடுத்துப்போடும். மிச்சம் நல்லாயிருக்கு." பிறகு எங்களுக்குத் தேத்தண்ணீர் வந்தது. அக்காவின் காணியைப் பற்றிக் கேட்டதற்கு, ஜனவரியில் நில அளவைக்காரர் வருவார், அப்போது பார்ப்போம் என்றார். மாத முடிவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. தேசாதிபதி வெளியே வந்து, கண்ணாடியை விடலாம், ஆனால் கை கழுவுவதை விட முடியாது என்று எங்களோடு வாதாடிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரமே அக்காவின் கொட்டிலுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம், ஆனால் போன இடத்தில் திட்டம் போட்டோம். நான் இந்தக் கல்லுகளைப் பற்றியே புது நாடகம் ஒன்று எழுதுவதாகச் சொன்னேன். தேசாதிபதி ஒரு பாட்டுக் கட்டலாம் என்றார். சுரூபக்காரர் பன்னிரண்டடி உயரத்தில் ஒரு கல் செய்து சந்தியில் நிறுத்தலாம் என்றார். எங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். அக்கா வெறும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கல்லு ஒண்டு எவ்வளவு பாரம் வரும்?" என்று சுரூபக்காரரைக் கேட்டார்.

"ஒரு கிலோவும் வராது, அக்கா."

"நிசக் கல்லு?"

"அதை ரெண்டு ஆம்பிளையள் தூக்கவேணும்."

"ம்" என்றார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் நான் மன்னார் பஸ் நிலையத்தில் நின்றேன். அடம்பன் பக்கத்து பஸ் வந்தது. முன்கதவால் அக்கா இறங்கினார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். கண்டக்டர் அவருக்குப் பின்னால் இரண்டு கையாலும் நூற்றுப் பத்தொன்பதைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாத முகத்தோடு நின்றார். முதலில் மூச்சைப் பிடித்து முழுப்பலத்தோடு தூக்கியதில் அது கூரையில் போய் இடித்ததாம். அக்கா சும்மாடு கோலித் தலையில் வைத்து, குனிந்து கல்லை ஏற்றிக்கொண்டார். ஒரு கிலோ வராத சாமானுக்குச் சும்மாடு. பிறகு நடக்கத் தொடங்கினார்.

அந்த நடையை நான் என்னுடைய எந்த நடிகருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு கை இடுப்பில், ஒரு கை கல்லில். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். பட்டினம் நின்றுவிட்டது. ஓர் ஒல்லியான மனுசி தனியாக அரசாங்கத்தின் கொங்கிறீட் எல்லைக்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார். ஓட்டோக்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். போக்குவரத்துப் பொலிஸ்காரர் இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்து வழி விட்டார். மீன் மணத்துக்குச் சந்தைப் பூனைகள் வந்தன. கல்லில் ஊறியிருந்த உப்பு ஆசைக்குத் தெருவில் திரிந்த இரண்டு கழுதைகளும் பின்னால் வந்தன. நான் ஒழுங்கு செய்த எந்த ஊர்வலத்துக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஓடிப்போய்க் கல்லை ஒரு பக்கம் பிடிக்கப் பார்த்தேன்.

"பிடிக்காதேங்கோ தங்கச்சி, பாரமில்லை எண்டு தெரிஞ்சிடும்" என்றார், உதடு அசையாமல்.

கந்தோருக்குள் போய், அதிகாரியின் மேசையில் கல்லை இறக்கினார். இறக்கும்போது குதிக்காலால் பலகை நிலத்தில் ஒரு இடி இடித்தார். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா இது?"

"உங்கட கல்லு, ஐயா. என்ர வளவில நிண்டது. கொண்டுவந்தனான்."

"திணைக்களக் கல்லைப் பிடுங்கினால் கேஸ். தெரியுமோ?"

"தெரியும். எழுதுங்கோ. நான் நிக்கிறன்."

அதிகாரி படிவம் ஒன்றை எடுத்தார். கல்லின் இலக்கம் எழுதினார். வகை, கொங்கிறீட் என்று எழுதினார். அகற்றியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நான் ஒருத்தி என்றார் அக்கா. எந்த வாகனத்தில் ஏற்றினீர்கள் என்று கேட்டார். பஸ் என்றார் அக்கா. அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கந்தோரில் இருந்த மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். யோசனையில் அதிகாரி பேனையால் கல்லின் மஞ்சள் தலையில் தட்டினார். பேனை பாதிவரை உள்ளே போய்விட்டது.

அவர் பேனையை இழுத்தார். வெள்ளை மணிகள் பறந்து அவருடைய மீசையிலும் சேர்ட்டிலும் ஒட்டின. கந்தோர்ப் பூனை மேசைமேல் ஏறி, பிளந்த இடத்தை நக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு முகாமில் பழகிய இந்தியத் தமிழ் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எட்டு மாசமா நடக்க விட்டீங்க. கல்லு இருந்தாத்தான் கடுதாசி குடுப்பேன்னு சொன்னீங்க. இப்பக் கல்லு இருக்குல்ல? உங்க புத்தகத்திலயும் இருக்குல்ல? அப்ப எழுதுங்க. இது உங்க கல்லுன்னா, ரெண்டு ஆம்பளை தூக்குற கல்ல நான் ஒருத்தி தூக்கிட்டு வந்தேன்னு எழுதிக் கேஸ் போடுங்க. உங்க கல்லு இல்லன்னா, என் காணி உங்களுது இல்லன்னு எழுதுங்க. ஏதாச்சும் ஒண்ணு எழுதாம நான் போகமாட்டேன்."

பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி முன்னால் இருந்த படிவத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். படிவத்தை மெதுவாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தலைப்பிட்ட கடதாசி ஒன்றை எடுத்தார். இன்ன இலக்கக் கல்லுகள் ஆறும் தவறுதலாகப் பதிவாகியுள்ளன. அக்காவின் முழுப்பெயர், தகப்பன் பெயர், அவருக்குச் சொந்தமான இன்ன வளவு இந்தத் திணைக்களத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது. கையெழுத்து வைத்து, சீல் குத்தி நீட்டினார். நீட்டிவிட்டு விரலை மணந்து பார்த்தார். எழுந்து மூலையில் இருந்த பேசினுக்குப் போய், சவர்க்காரம் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கை கழுவினார்.

தேசாதிபதி அன்று ஐஸ் பக்டரியில் வேலையில் நின்றார். இதைப் பார்க்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்று இன்றுவரை என்னோடு அவருக்கு மனத்தாங்கல்.

வெளியே வாகை மரத்தடியில் அக்கா கடிதத்தை என்னிடம் தந்தார். "கண்ணாடி கொண்டுவரேல்லை. வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். "அவருக்குச் சொந்தமான" என்ற இடத்தில் கையால் மறித்தார். "அதில என்ர பேர் இருக்கோ?"

"ஓம் அக்கா."

"அப்பாட பேரும்?"

"ஓம்."

முப்பது வருடத்துக்குப் பிறகு அவருடைய பெயரும் அவருடைய காணியும் ஒரே கடதாசியில் வந்திருந்தன. அவர் அழவில்லை. நான்தான் நடுறோட்டில் நின்று அழுதேன், எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதி வெட்கம்.

கொழும்பு நிறுவனம் பிறகு ஒரு படிவம் அனுப்பியது. பார்வையாளர்களில் எத்தனை பேர் செயற்பாட்டாளராக மாறினார்கள் என்று அதில் ஒரு கேள்வி. "ஒருவர். எங்களைக் கேட்கவில்லை" என்று எழுதி அனுப்பினேன். விளக்கம் கேட்டு இன்னொரு படிவம் வந்தது.

மாரி முடிந்தபின் அக்காவின் வீட்டைப் பார்க்கப் போனோம். சுவர் எழும்பி, கூரைக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஐந்து கல்லையும் அவர் வெட்டி எறிந்திருப்பார் என்று நினைத்தேன். சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நனையாமல் அடுக்கி வைத்திருந்தார். எங்களுக்கு வெறும் தேத்தண்ணீர் தந்தார்.

"அடுத்த நாடகம் எங்க?" என்று கேட்டார்.

"இலுப்பைக்கடவையில, அக்கா."

"அங்க ஆற்றை காணியில போடப்போறியள்?"

அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. நாடகம் எழுதி முடித்தாயிற்று, பாட்டும் கட்டியாயிற்று, தேசாதிபதி பைலை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக்கூடப் பழகியாயிற்று. யாருடைய நிலத்தில் நின்று ஆடப்போகிறோம் என்ற கேள்வி மட்டும் எங்கள் மூன்று பேருடைய தலையிலும் வந்திருக்கவில்லை.

அக்கா கொட்டிலுக்குள் போய், பிளாஸ்ரிக் உறையில் போட்ட கடிதத்தை எடுத்துவந்து, மடியில் வைத்துத் தடவினார்.

"கடுதாசி இல்லாத சனத்தின்ர காணியில போடாதேங்கோ. சனத்தை இஞ்ச வரச் சொல்லுங்கோ, என்ர வளவில போடுங்கோ. என்னட்டக் கடுதாசி இருக்கு" என்றார். பிறகு அடுக்கி வைத்திருந்த ஐந்து கல்லையும் காட்டினார். "நாடகம் முடிஞ்சு போகேக்க மட்டும் கல்லைக் கையோட கொண்டுபோங்கோ."